ஆராய்ச்சி குவியும் தொழிலில் உற்பத்தித்திறனும் வளர்கிறதா? இந்தியத் தரவை வைத்து அளக்கும் முறை

இந்தியத் தனியார் தொழில்துறையின் ஆராய்ச்சிச் செலவில் மருந்துத் தொழில் முதலிடத்தில் இருக்கிறது. ஜவுளியின் பங்கு மிகச் சொற்பம். ஆனால் ஒரு நூற்பாலையில் 100 கிலோ நூல் எடுக்கத் தேவைப்படும் ஆள்-மணி சில பத்தாண்டுகளில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆலைக்காரர்கள் இதை ‘ஹெச்.ஓ.கே.’ என்பார்கள். எங்கே ஆராய்ச்சி நடக்கிறதோ அங்கேதான் உற்பத்தித்திறன் வளரும் என்று எழுதப்படும் அறிக்கைகள் இந்த ஒரு எண்ணுக்கே பதில் சொல்ல முடியாமல் நிற்கும். ஆராய்ச்சிப் பணம் செலவாகும் இடமும் அதன் பலன் தெரியும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனியே அளந்து, பிறகு சரியான வழியில் இணைத்தால்தான் விடை கிடைக்கும்.

பொருளியல் மாணவர்கள், தொழிற்சங்கக் கூட்டமைப்புகளின் ஆய்வுப் பிரிவினர், தொழில்துறைச் செய்தியாளர்கள் ஆகியோருக்கான வழிமுறை இது. முதல் பாதிக்கு எக்செல் போதும். ரிக்ரெஷன் (ஒரு மாறி மற்ற மாறிகளோடு எப்படி நகர்கிறது என்று மதிப்பிடும் புள்ளியியல் முறை) பகுதிக்கு ஆர், ஸ்டேட்டா, பைத்தான் ஆகிய மென்பொருள்களில் ஏதாவது ஒன்று வேண்டும்.

எதை அளக்கப்போகிறீர்கள்?

‘ஆராய்ச்சிச் சிறப்பாக்கம்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட அளவுகள் புழங்குகின்றன. முதலாவது செறிவு: ஒரு தொழிலின் ஆராய்ச்சிச் செலவை அதன் உற்பத்தி மதிப்பால் வகுத்தால் வருவது. இரண்டாவது ஒப்புச் சிறப்பாக்கம்: நாட்டின் மொத்த ஆராய்ச்சியில் ஒரு தொழிலுக்குள்ள பங்கை, ஒப்பீட்டு நாடுகளில் அதே தொழிலுக்குள்ள பங்கால் வகுத்தால் வருவது. மூன்றாவது குவிப்பு: எல்லாத் தொழில்களின் பங்குகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் வருவது. நாட்டின் ஆராய்ச்சி முழுவதும் ஒன்றிரண்டு தொழில்களில் அடங்கியிருக்கிறதா என்பதை இந்த மூன்றாவது எண் காட்டும்.

பலர் இடறுவது முதல் இரண்டுக்கும் இடையில்தான். ஒரே நாட்டுத் தரவை வைத்துக்கொண்டு, தொழிலின் ஆராய்ச்சிப் பங்கை அதன் உற்பத்தி மதிப்புப் பங்கால் வகுத்து ‘சிறப்பாக்கக் குறியீடு’ என்று பெயரிடுவார்கள். அந்த வகுத்தலை மாற்றி எழுதிப் பாருங்கள். தொழிலின் செறிவை நாட்டின் சராசரிச் செறிவால் வகுத்த எண்தான் அது. மடக்கை (லாகரிதம்) எடுத்து, ஆண்டுக்கான ஃபிக்ஸட் எஃபெக்ட் (அந்த ஆண்டில் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவானதை நீக்கும் மாறி) சேர்த்துவிட்டால் நாட்டுச் சராசரி அதிலேயே கரைந்துபோகும். மிஞ்சுவது வெறும் செறிவு. அதே சமன்பாட்டில் செறிவையும் தனியாகச் சேர்த்தால் மென்பொருள் ஒன்றைத் தூக்கி எறியும், அல்லது அர்த்தமில்லாத இரண்டு கெழுக்களை (மாறியின் விளைவின் அளவைச் சொல்லும் எண்களை) தரும்.

ஆகவே சிறப்பாக்கம் என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒப்பீட்டு நாடுகள் கட்டாயம். பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பின் தொழில்வாரி வணிக ஆராய்ச்சித் தரவுத்தளத்தில் அவை கிடைக்கும். அங்கும் ஒரு பொறி உண்டு. பல நாடுகளை வைத்து, ‘நாடு-ஆண்டு’ ஃபிக்ஸட் எஃபெக்டையும் ‘தொழில்-ஆண்டு’ ஃபிக்ஸட் எஃபெக்டையும் ஒன்றாகப் போட்டால், மடக்கைக் குறியீட்டின் நான்கு உறுப்புகளில் மூன்று கரைந்து, அந்த நாட்டில் அந்தத் தொழிலின் ஆராய்ச்சித் தொகை மட்டும் எஞ்சும். சிறப்பாக்கத்தின் விளைவு என்று நீங்கள் எழுதப்போவது, செலவுத் தொகையின் விளைவாக இருக்கும். நாட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். 

குறியீட்டைக் கணக்கிடுதல்

பயிற்சிக்கு ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தத் தொழில் ஆராய்ச்சி 1,000 கோடி. மருந்து 350 கோடி, அதாவது 35%. ஒப்பீட்டு நாடுகளில் மருந்தின் பங்கு 20%. குறியீடு 35 ÷ 20 = 1.75. அதே நாட்டில் ஜவுளி ஆராய்ச்சி 10 கோடி, அதாவது 1%. ஒப்பீட்டு நாடுகளில் அது 0.5%. குறியீடு 2.0.

10 கோடி செலவழிக்கும் ஜவுளி, 350 கோடி செலவழிக்கும் மருந்தைவிட ‘அதிகச் சிறப்பாக்கம்’ பெற்றதாக வந்து நிற்கிறது. வகுக்கும் எண் சிறியதாக இருக்கும் தொழில்களில் இது எளிதில் நடக்கும். மூன்று வகையில் தற்காத்துக்கொள்ளலாம். முதலில், குறியீட்டிலிருந்து 1-ஐக் கழித்து, குறியீட்டோடு 1-ஐக் கூட்டிய எண்ணால் வகுத்து, −1 முதல் +1 வரை அடங்கும்படி சமச்சீராக்குங்கள்: மருந்துக்கு 0.75 ÷ 2.75 = 0.27, ஜவுளிக்கு 1 ÷ 3 = 0.33. மிகப் பெரிய குறியீடுகள் சுருங்கும்; வரிசை மாறாது. ஆகவே இரண்டாவதாக, ரிக்ரெஷனில் ஒவ்வொரு தொழிலுக்கும் அதன் மதிப்புக்கூட்டல் (உற்பத்தி மதிப்பில் உள்ளீட்டுச் செலவு போக மிஞ்சுவது) பங்கை எடையாகக் கொடுங்கள். மூன்றாவதாக, மொத்த ஆராய்ச்சியில் இத்தனை சதவீதத்துக்குக் கீழே உள்ள தொழில்கள் சேர்க்கப்படவில்லை என்று ஒரு வரம்பை வகுத்து அதை வெளிப்படையாக எழுதுங்கள். வரம்பை இரட்டிப்பாக்கியும் பாதியாக்கியும் முடிவு நிற்கிறதா என்று பாருங்கள்.

தரவைத் திரட்டுதல்

உற்பத்திக்கு அடிப்படை ‘ஆனுவல் சர்வே ஆஃப் இண்டஸ்ட்ரீஸ்’, சுருக்கமாக ஏஎஸ்ஐ. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரத்தோடு குறைந்தது 10 பேர் அல்லது மின்சாரம் இல்லாமல் குறைந்தது 20 பேர் வேலை பார்த்த பதிவுபெற்ற தொழிற்சாலைகள் அந்தக் காலத் தரவில் வரும். அலகுவாரித் தரவை மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையவாசலில் இறக்கிக்கொள்ளலாம். கூட்டும்போது எடைப் பெருக்கியை மறக்காதீர்கள்: பெரிய தொழிற்சாலைகள் முழுக் கணக்கெடுப்பிலும் சிறியவை மாதிரியிலும் வருவதால், பெருக்காமல் கூட்டினால் சிறிய ஆலைகள் நிறைந்த தொழில்கள் சுருங்கித் தெரியும்.

பதிவில்லாப் பட்டறைகள் ஏஎஸ்ஐ-யில் இல்லை. திருப்பூரில் தையலையோ எம்பிராய்டரியையோ ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுக்கும் ஆலையில், அந்தப் பட்டறைத் தொழிலாளர்கள் கணக்கிலிருந்து விலகிவிடுவார்கள். கூலி மட்டும் உள்ளீட்டுச் செலவில் ஏறும். ஆளுக்கு இவ்வளவு உற்பத்தி என்று பார்த்தால் எதுவுமே மாறாமல் திறன் கூடியதாகத் தோன்றும். ஆடைத் தொழிலுக்கு ஆள்வாரி உற்பத்தியை நம்பாமல் இருப்பதே நல்லது.

தொழில் வகைப்பாட்டுக் குறி அடுத்த வேலை. 2008-09 முதல் ஏஎஸ்ஐ, தேசியத் தொழில் வகைப்பாட்டின் (என்ஐசி) 2008 பதிப்புக் குறிகளைப் பயன்படுத்துகிறது. உற்பத்தித் தொழில்கள் 10 முதல் 33 வரை. அதற்கு முந்தைய என்ஐசி-2004-ல் அவை 15 முதல் 37 வரை. பழைய வகைப்பாட்டில் மருந்து 2423 என்று ரசாயனத்துக்குள் அடங்கியிருந்தது. புதியதில் 21 என்று தனிப்பிரிவு. இரண்டு இலக்க அளவில் தொடரை ஒட்டினால் 2008-ல் ரசாயனத்தின் ஆராய்ச்சிச் செறிவு திடீரென்று விழுந்ததுபோல் தெரியும். நான்கு இலக்க அளவில் ஒப்புமைப் பட்டியல் போட்டு, பிறகு இரண்டு இலக்கத்துக்கு ஏற்றுங்கள். பதிப்புத் தொழிலும் மறுசுழற்சியும் 2008 வகைப்பாட்டில் உற்பத்தியை விட்டே வெளியேறிவிட்டன. பழைய ஆண்டுகளிலிருந்தும் அவற்றை நீக்குங்கள்.

இவ்வளவு உழைப்புக்கு நேரமில்லை என்றால் ரிசர்வ் வங்கி வெளியிடும் ‘இந்தியா கேஎல்இஎம்எஸ்’ தொடர் இருக்கிறது. 1980-81 முதல் 27 தொழில்களுக்கு மூலதனம், உழைப்பு, எரிசக்தி, மூலப்பொருள், சேவை என்று பிரித்த உற்பத்தித்திறன் கணக்கு அதில் தயாராக உள்ளது. குறை ஒன்றுதான்: மருந்து தனியாக இல்லை, ரசாயனத்தோடு சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் ஆராய்ச்சி மிகுதியாகக் குவியும் தொழிலே கண்ணுக்குத் தெரியாது என்பதால், இந்தக் கேள்விக்கு அது ஒத்திகைத் தரவு மட்டுமே.

ஆராய்ச்சிச் செலவுக்கு நிறுவன ஆண்டறிக்கைகளே முக்கிய வழி. கம்பெனிச் சட்டம் 2013-ன் பிரிவு 134-ன்படி இயக்குநர் அறிக்கையில் தொழில்நுட்ப உள்வாங்கல் பற்றியும் ஆராய்ச்சிச் செலவு பற்றியும் சொல்ல வேண்டும். நடப்புச் செலவு, மூலதனச் செலவு இரண்டையும் எடுத்துக் கூட்டுங்கள். இந்தியக் கணக்கியல் தரநிலை 38-ன்படி ஆராய்ச்சிக் கட்டச் செலவு லாப நட்டக் கணக்குக்குப் போகும். மேம்பாட்டுக் கட்டச் செலவு நிபந்தனைகளை நிறைவேற்றினால் சொத்தாக ஏறும். கார் நிறுவனங்களில் இந்த இரண்டாவது பகுதி பெரிது. லாப நட்டக் கணக்கை மட்டும் பார்த்தவர்கள் வாகனத் துறையைக் குறைத்து மதிப்பிடுவார்கள்.

தொடரின் நடுவே ஒரு வரிச் சட்ட மாற்றமும் குறுக்கிடும். வருமான வரிச் சட்டம் 35(2ஏபி)-ன் கீழ், அங்கீகரிக்கப்பட்ட உள்நிறுவன ஆராய்ச்சிக்கு 2016-17 வரை 200% கழிவு கிடைத்தது. 2017-18 முதல் 2019-20 வரை 150%. 2020-21-லிருந்து 100%. கழிவு தாராளமாக இருந்த காலத்தில் சோதனைக்கூடப் பணியையும் தரக்கட்டுப்பாட்டையும் ஆராய்ச்சி என்று எழுதிவைக்கும் ஆசை நிறுவனங்களுக்கு இருந்தது. சலுகை சுருங்கியதும் அது குறைந்திருக்கும். 2017-க்குப் பின் ஒரு தொழிலில் செலவு சரிந்தால், ஆராய்ச்சி சரிந்ததா பெயர் மாறியதா என்று ஆராய்ச்சிப் பணியாளர் எண்ணிக்கையோடும் காப்புரிமை விண்ணப்பங்களோடும் ஒப்பிடாமல் முடிவுசெய்யாதீர்கள். எது ஆராய்ச்சி என்று தீர்மானிக்க ஓஇசிடி-யின் ஃப்ராஸ்காட்டி கையேடு ஐந்து தகுதிகள் சொல்கிறது: புதுமை, படைப்பாற்றல், விளைவில் நிச்சயமின்மை, திட்டமிட்ட முறை, பிறருக்குக் கைமாற்றக்கூடிய தன்மை. வழக்கமான தரச் சோதனை இதில் தேறாது.

இடம் பற்றியும் எச்சரிக்கை தேவை. நிறுவனத்தின் ஆராய்ச்சி ஒரு மாநிலத்தில், ஆலைகள் இன்னொரு மாநிலத்தில் என்பது சாதாரணம். மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு அருகே. வாகன ஆலைகள் சாக்கன், நாசிக், ஜாகீராபாத் போன்ற இடங்களில். ஏஎஸ்ஐ ஆலைகளுக்குப் பெயர் கிடையாது என்பதால் இரண்டையும் இணைக்கவும் முடியாது. மாநிலவாரி ஆராய்ச்சிச் செலவையும் மாநிலவாரி உற்பத்தித்திறனையும் வைத்து ஓட்டும் ரிக்ரெஷன் இந்த இடத்திலேயே பிழைபட்டுவிடும். தேசிய அளவில் தொழில்வாரியாக நில்லுங்கள்.

வெளிநாட்டு நிறுவனங்களின் ஆராய்ச்சி மையங்கள் இதன் இன்னொரு வடிவம். பெங்களூரில் 2000-ல் தொடங்கிய, அமெரிக்க நிறுவனமான ஜிஇ-யின் தொழில்நுட்ப மையம் போன்றவை விசையாழிக்கும் விமான இயந்திரத்துக்கும் செய்யும் ஆய்வின் பலன் பெருமளவு வேறு நாட்டு ஆலைகளில் தெரியும். இத்தகைய மையங்களைத் தொழில்வாரி எண்ணிலிருந்து எடுத்துத் தனி வரிசையில் வையுங்கள்.

உற்பத்தித்திறனைக் கணக்கிடுதல்

ஆளுக்கு உற்பத்தி என்ற எளிய அளவு இந்தக் கேள்விக்கு உதவாது. இயந்திரம் வாங்கினாலும் அது ஏறும். மொத்தக் காரணி உற்பத்தித்திறன் வேண்டும்: உற்பத்தி வளர்ச்சியிலிருந்து ஒவ்வொரு உள்ளீட்டின் வளர்ச்சியையும் அதன் செலவுப் பங்கால் பெருக்கிக் கழித்த மிச்சம். செலவுப் பங்குக்கு இந்த ஆண்டு, சென்ற ஆண்டு இரண்டின் சராசரியை எடுங்கள்.

எடுத்துக்காட்டு: உற்பத்தி 9% வளர்ந்தது. மூலப்பொருள், எரிபொருள், சேவை 8%, பங்கு 0.78. உழைப்பு 5%, பங்கு 0.08. மூலதனம் 7%, பங்கு 0.14. கழிக்க வேண்டியது 6.24 + 0.40 + 0.98 = 7.62. மிச்சம் 1.38%. இதையே மதிப்புக்கூட்டல் அடிப்படையில் சொன்னால் 1.38 ÷ 0.22 = 6.27%. இரண்டும் ஒரே முன்னேற்றம்தான், அளவுகோல் மட்டும் வேறு. ஒரு ஆய்வின் 6%-ஐயும் இன்னொன்றின் 1.4%-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

விலை நீக்கம், அதாவது விலை மாற்றத்தைக் கழித்து உண்மையான அளவை எடுப்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. இந்திய உற்பத்தித் துறையில் மதிப்புக்கூட்டல், மொத்த உற்பத்தி மதிப்பில் சிறு பகுதி: 2022-23 ஏஎஸ்ஐ-யில் சுமார் 145 லட்சம் கோடி ரூபாய் உற்பத்திக்குச் சுமார் 22 லட்சம் கோடி. அந்த ஆண்டில் நடப்பு விலையில் உற்பத்தி 21 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மதிப்புக்கூட்டல் ஏறியது 7% அளவே. உள்ளீட்டு விலையும் உற்பத்தி விலையும் வேறு வேறு வேகத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று ஒரு சிறு கணக்கில் பாருங்கள். உற்பத்தி 100, உள்ளீடு 80, மதிப்புக்கூட்டல் 20. அளவு எதுவும் மாறவில்லை. உள்ளீட்டு விலை 10%, உற்பத்தி விலை 5% உயர்ந்தது. இப்போது 105 − 88 = 17. இதை உற்பத்தி விலைக்குறியீட்டால் மட்டும் வகுத்தால் 16.2. ஆலையில் ஒரு மாற்றமும் இல்லாமலே 19% சரிவு. உற்பத்தியை அதன் குறியீட்டாலும் உள்ளீட்டை அதன் குறியீட்டாலும் தனித்தனியே வகுத்துக் கழித்தால் 20 அப்படியே நிற்கும். இந்த இரட்டை விலை நீக்கத்தைச் செய்யாத எந்தத் தொடரையும் ஆராய்ச்சியோடு இணைக்காதீர்கள். உள்ளீட்டுக் குறியீட்டை, எந்தத் தொழில் எதை எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் உள்ளீடு-வெளியீட்டு அட்டவணையின் எடைகளை வைத்து மொத்த விலைக் குறியீட்டிலிருந்து நீங்களே கட்ட வேண்டும். அடிப்படை ஆண்டு 1993-94, 2004-05, 2011-12 என்று மாறும் இடங்களில் இரண்டு தொடரும் கிடைக்கும் ஆண்டின் விகிதத்தை வைத்து ஒட்டுங்கள்.

விலைக்குறியீடு தர உயர்வைப் பிடிக்காதது ஆராய்ச்சி ஆய்வுகளுக்கே உரிய தொல்லை. புதிய மோட்டார் அதே விலையில் குறைந்த மின்சாரத்தில் ஓடினால் அது உண்மையில் உற்பத்தி உயர்வு. குறியீட்டில் அது தெரியாது. அப்போது பலன் மோட்டார் செய்தவரின் கணக்கில் வராமல் அதை வாங்கியவரின் கணக்கில் வரும். ஆராய்ச்சி செய்த தொழிலில் கெழு சிறிதாகவும், வாங்கும் தொழிலில் பெரிதாகவும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஏஎஸ்ஐ-யின் நிலையான மூலதனம் வாங்கிய விலையில் தேய்மானம் போக எழுதப்பட்ட புத்தக மதிப்பு. அதை அப்படியே போடாமல், இந்த ஆண்டு நிகர மூலதனத்திலிருந்து சென்ற ஆண்டினதைக் கழித்து, தேய்மானத்தைக் கூட்டி, முதலீடாக மாற்றுங்கள். அதை இயந்திர விலைக்குறியீட்டால் வகுத்து ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போங்கள். முதலீடு எதிர்மறையாக வரும் ஆண்டுகள் இருக்கும். பெரும்பாலும் ஆலைகள் மாதிரியிலிருந்து விலகியதன் விளைவு அது. மூன்று ஆண்டுச் சராசரி அதைச் சரிப்படுத்தும். 2020-21 போன்ற ஆண்டில் ஆலை பாதி நேரம் மூடியிருந்ததால் மிச்சம் விழும். அதைத் தொழில்நுட்பச் சரிவு என்று படிக்காமலிருக்க, வளர்ச்சியை ஐந்து ஆண்டுச் சராசரியாக வையுங்கள்.

ஆராய்ச்சி இருப்பு

ஒரு ஆண்டின் செலவு அந்த ஆண்டோடு தீர்வதில்லை. எனவே பல ஆண்டுச் செலவும் தேய்மானம் போகச் சேர்ந்த இருப்பைக் கட்ட வேண்டும்: சென்ற ஆண்டு இருப்பில் 85% + சென்ற ஆண்டுச் செலவு. 15% தேய்மானம் என்பது 1970-களின் பிற்பகுதியில் பொருளியலாளர் ஸ்வி கிரிலிகஸ் வகுத்துக் கொடுத்த சட்டகத்திலிருந்து வளர்ந்த மரபு; இயற்கை விதி ஒன்றும் இல்லை. தொடக்க இருப்புக்கு, முதல் ஆண்டுச் செலவைத் தேய்மானமும் வளர்ச்சி வீதமும் கூட்டிய எண்ணால் வகுக்கவும். செலவு 100, வளர்ச்சி 5%, தேய்மானம் 15% என்றால் 100 ÷ 0.20 = 500; அடுத்த ஆண்டு 425 + 100 = 525. முதல் ஆண்டு விதிவிலக்கான ஆண்டாக இருக்கலாம் என்பதால் முதல் ஐந்து ஆண்டின் சராசரிச் செலவை எடுப்பது பாதுகாப்பு. செலவின் பெரும்பகுதி சம்பளம். எனவே விலை நீக்கத்துக்குச் சம்பளக் குறியீட்டையும் பொருள் விலைக்குறியீட்டையும் பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்துங்கள்.

ஆய்வகச் சம்பளமும் கருவிகளும் ஏற்கெனவே உழைப்பிலும் மூலதனத்திலும் எண்ணப்பட்டுவிட்டன. அவற்றைக் கழிக்காமல் விட்டால், கிடைக்கும் கெழு மொத்தப் பலனைக் காட்டாது. சாதாரண ஆதாயத்துக்கு மேலே உள்ள உபரியைத்தான் காட்டும். ஆராய்ச்சி மிகுந்த தொழில்களிலாவது கழித்துவிடுங்கள்.

வாங்கிய ஆராய்ச்சி

ஜவுளிப் புதிருக்குத் திரும்புவோம். நூற்பாலை ஆராய்ச்சி செய்வதில்லை. ஆராய்ச்சி நிறைந்த இயந்திரத்தை வாங்குகிறது. நிமிடத்துக்கு 25,000 சுற்று வரை போகக்கூடிய ரிங் ஃபிரேம், அறுந்த நூலைத் தானே இணைத்துக் கூம்பில் சுற்றும் ஆட்டோகோனர், பாபினை நேரே ஆட்டோகோனருக்கு அனுப்பும் இணைப்பு எல்லாம் கோவையின் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் போன்ற இயந்திர நிறுவனங்களும் சுவிஸ், ஜெர்மன், ஜப்பானிய நிறுவனங்களும் ஆய்ந்து செய்தவை. அந்தச் செலவு இயந்திரத் தொழிலான பிரிவு 28-ல் பதிவாகிறது, அல்லது இந்தியக் கணக்கிலேயே இல்லை. மிச்சமுள்ளதில் ஒரு பங்கு கூட்டுறவு ஆராய்ச்சி: ஜவுளி ஆராய்ச்சிச் சங்கங்களான அகமதாபாத்தின் அடிரா 1947-லும் கோவையின் சிட்ரா 1956-லும் தொடங்கியவை. ஆலைகளுக்காகவே ஆய்வு செய்தும், ஆலைகளின் செலவாக அது எழுதப்படுவதில்லை. ஜவுளிக்கு இந்தச் சங்கங்களின் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய ஆராய்ச்சியை அளக்க வழக்கமான முறை, உள்ளீடு-வெளியீட்டு அட்டவணையின் கெழுக்களை விற்கும் தொழிலின் ஆராய்ச்சிச் செறிவால் பெருக்கிக் கூட்டுவது. இந்தக் கேள்விக்கு அது போதாது. அந்த அட்டவணையில் பஞ்சும் சாயமும் மின்சாரமும் இருக்கும்; இயந்திரம் இருக்காது. இயந்திரக் கொள்முதல் மூலதன உருவாக்கம் என்று இறுதித் தேவையில் போய்விடும். அட்டவணையை மட்டும் நம்பினால் ஜவுளிக்கு மிக முக்கியமான ஓட்டமே விடுபடும். அதற்குப் பதில் இறக்குமதித் தரவில் ஹெச்எஸ் (சர்வதேசச் சரக்கு வகைப்பாட்டுக் குறி) 8444 முதல் 8449 வரையிலான தலைப்புகளை ஆண்டுவாரியாக, நாடுவாரியாக எடுங்கள். 8445 நூற்பு, 8446 தறி, 8447 பின்னல். ஒவ்வொரு நாட்டு இறக்குமதியையும் அந்த நாட்டு இயந்திரத் தொழிலின் ஆராய்ச்சிச் செறிவால் பெருக்கிக் கூட்டி, ஜவுளியின் மூலதன இருப்பால் வகுத்தால் பயன்படுத்தத்தக்க ஒரு மாறி கிடைக்கும். உள்நாட்டு இயந்திரத்துக்கு அந்த நிறுவனங்களின் ஆண்டறிக்கை விற்பனை உதவும். மருந்துக்கும் வாகனத்துக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை. அங்கே சொந்த ஆராய்ச்சியே பெரிது.

சமன்பாடு

ஓட்டும் முன் எதிர்பார்ப்பைக் கணக்கிடுங்கள். வளர்ந்த நாடுகளில் நடந்த பல ஆய்வுகளில் ஆராய்ச்சி இருப்பின் நெகிழ்ச்சி (இருப்பு 1% கூடினால் உற்பத்தி எத்தனை சதவீதம் கூடும் என்ற எண்) 0.01 முதல் 0.25 வரை வந்திருக்கிறது, நடுமையம் 0.08-ஐ ஒட்டி. ஆதாய வீதம் பெரும்பாலும் 20 முதல் 30%. செறிவு 1% உள்ள தொழிலில் 25% ஆதாயம் என்றால் உற்பத்தித்திறன் வளர்ச்சிக்கு ஆண்டுக்கு 0.25 புள்ளி சேரும். செறிவு 0.1% என்றால் 0.025 புள்ளி. தொழில்வாரி உற்பத்தித்திறன் ஆண்டுக்கு ஆண்டு பல புள்ளிகள் ஆடும் தரவில் பின்னதைக் கண்டுபிடிக்கவே முடியாது. செறிவு குறைந்த தொழில்களில் ‘விளைவு இல்லை’ என்று வந்தால், அளக்க முடியவில்லை என்றே அதைப் படிக்க வேண்டும். மாறாக 0.5 நெகிழ்ச்சி வந்தால் மகிழ வேண்டாம்; விலை நீக்கத்திலோ வகைப்பாட்டிலோ பிழை இருக்கும்.

இடப்பக்கம்: அடுத்த ஐந்து ஆண்டுகளின் சராசரி உற்பத்தித்திறன் வளர்ச்சி. வலப்பக்கம்: இரண்டு ஆண்டுக்கு முந்தைய சமச்சீர் சிறப்பாக்கக் குறியீடு, சொந்த ஆராய்ச்சிச் செறிவு, வாங்கிய ஆராய்ச்சி, உற்பத்தித்திறனில் உலக முன்னணியிலிருந்து உள்ள தூரம், அந்தத் தூரமும் செறிவும் பெருக்கிய மாறி. இந்தக் கடைசி மாறியை விடாதீர்கள். பிறர் கண்டுபிடித்ததைப் புரிந்து உள்வாங்கவும் சொந்த ஆராய்ச்சி தேவை. பின்தங்கிய தொழிலில் அந்தப் பயன்தான் பெரிது. அதை விட்டால் இந்தியா போன்ற நாட்டில் ஆராய்ச்சியின் மதிப்பு குறைவாகத் தெரியும். கால இடைவெளியை 1, 2, 3, 5 ஆண்டு என்று மாற்றிப் பாருங்கள். மருந்துக்கு இன்னும் நீளமாக வேண்டும்.

யார் எதற்குக் காரணம் என்ற சிக்கலும் இருக்கிறது. நன்றாக ஓடும் தொழிலில் பணம் மிஞ்சும். மிஞ்சிய பணம் ஆராய்ச்சிக்குப் போகும். வெளியிலிருந்து வந்த அதிர்வு ஒன்று இருந்தால் பிரிக்கலாம். மருந்துக்கு 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொருள் காப்புரிமை (செய்முறைக்கு மட்டுமின்றி மருந்துக்கே தரும் காப்புரிமை) அப்படிப்பட்டது: அதையொட்டி ஆராய்ச்சிச் செலவு ஏறியதற்குத் தொழிலின் அன்றைய லாபம் மட்டும் காரணமல்ல. ஆனாலும் அது விலையையும் போட்டியையும் சேர்த்தே மாற்றியது. உற்பத்தித்திறனை வேறு வழியிலும் தொட்டிருக்கும். துணைச் சான்றாக மட்டும் வையுங்கள். மேலே சொன்ன வரிக் கழிவு மாற்றங்களுக்கும் இதே நிலைதான்.

இருபத்து நான்கு பிரிவுகளே உள்ள தரவில் மென்பொருள் தரும் சாதாரணத் திட்டப்பிழை (கெழு எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற அளவு) நம்பத்தக்கதல்ல. குழு எண்ணிக்கை குறைவாக உள்ளபோது பயன்படும், தரவைத் திரும்பத் திரும்பச் செயற்கையாக உருவாக்கி மதிப்பிடும் வைல்ட் பூட்ஸ்ட்ராப் முறையில் எடுங்கள். பிறகு ஒவ்வொரு தொழிலாக நீக்கி மறுபடி ஓட்டுங்கள். இந்தியாவில் முதலில் நீக்கிப் பார்க்க வேண்டியது மருந்து. அதை எடுத்ததும் சிறப்பாக்கத்தின் கெழு காணாமல் போனால், உங்கள் ஆய்வு ஒரே தொழிலைப் பற்றியது. தலைப்பையும் அப்படியே மாற்றுங்கள்.

பல நாடுகளை வைத்தால் ஃபின்லாந்தை நீக்கி ஓட்டுங்கள். அங்கே நாட்டின் மொத்த ஆராய்ச்சி 2009-ஐ ஒட்டி உள்நாட்டு உற்பத்தியில் 3.7% வரை ஏறியது. தனியார் ஆராய்ச்சியில் ஏறத்தாழ பாதி ஒரே நிறுவனமான நோக்கியாவுடையது. கைபேசி வளர்ந்தவரை சிறப்பாக்கமும் உற்பத்தித்திறனும் சேர்ந்து ஏறின. ஸ்மார்ட்ஃபோன் போட்டியில் நோக்கியா தோற்று, 2014-ல் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது இரண்டும் சேர்ந்து இறங்கின. 2007-ல் முடியும் தரவும் 2015-ல் முடியும் தரவும் எதிரெதிர் முடிவு தருவதற்கு அந்த ஒரு நாடே போதும். அதனால் குவிப்புக் குறியீட்டையும் சமன்பாட்டில் சேர்த்து, உற்பத்தித்திறன் வளர்ச்சியின் சராசரியோடு அதன் ஏற்ற இறக்க அளவையும் தனி இடப்பக்க மாறியாக வைத்து இன்னொரு முறை ஓட்டுவது நல்லது.

முடிவை எழுதும்போது இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கொடுங்கள்: ஒரு தொழிலுக்குள் ஆராய்ச்சி கூடியதால் அந்தத் தொழிலின் திறன் எவ்வளவு வளர்ந்தது, வேகமாக வளரும் தொழில்களின் எடை நாட்டில் கூடியதால் மொத்தச் சராசரி எவ்வளவு உயர்ந்தது. இரண்டாவதைக் கணக்கிட, ஒவ்வொரு தொழிலின் பங்கில் ஏற்பட்ட மாற்றத்தை அதன் வளர்ச்சியால் பெருக்கிக் கூட்டினால் போதும். கொள்கைக் குறிப்புகளில் இவை கலந்துபோகின்றன. முதலாவது ஆராய்ச்சி மானியத்துக்கு ஆதரவான சான்று. இரண்டாவது தொழில் தேர்வுக்கான சான்று.

ஆலை அளவில் சரிபார்க்க முடிந்தால் செய்யுங்கள். நூற்பாலைக்கு 40-ம் நம்பர் நூலுக்குச் சமப்படுத்திய ஹெச்.ஓ.கே.-யும் ஒரு கிலோ நூலுக்கான மின்சார யூனிட்டும் விலைக்குறியீட்டுச் சிக்கல் இல்லாத அளவுகள். இயந்திரம் மாறிய ஆண்டையும் இந்த எண்கள் இறங்கிய ஆண்டையும் பத்துப் பதினைந்து ஆலைகளில் பக்கத்தில் வைத்தால், ‘வாங்கிய ஆராய்ச்சி’ மாறியின் கெழு நம்பத்தக்கதா என்று தெரியும். ரிக்ரெஷன் ஒன்று சொல்லி ஆலைக் கணக்கு வேறொன்று சொன்னால், முதலில் இயந்திர விலைக்குறியீட்டையும் அடுத்து மூலதன இருப்பின் தொடக்க ஆண்டையும் திறந்து பாருங்கள். பிழை பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில் இருக்கும்.